சாந்தி அழித்த எண்

மாரியாயி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். நன்றாகச் சாய்ந்து உட்காருங்கள் என்று நான் இரண்டு முறை சொல்லியாகிவிட்டது. தோட்டத்து ஆஸ்பத்திரி நாற்காலியில் அப்படி உட்கார அவருக்குக் கூச்சம். இடது கையை மேசைமேல் நீட்டியிருந்தார். விரல் இடுக்குகளில் காய்ந்த ரப்பர் பால் சாம்பல் நிறப் பிசிறாக ஒட்டியிருந்தது. பேசிக்கொண்டே அதை மறு கையால் உரித்து உருட்டிக்கொண்டிருந்தார்.

"காலையில எந்திரிச்சா பின்மண்டையில ஆணி அடிக்கிற மாதிரி இருக்கு மிஸி. ஏழு மாசமா. யாருகிட்டச் சொன்னாலும் சிரிக்கிறாங்க."

அந்த மிஸி நான்தான். இருபத்து நாலு வயது, கஞ்சி போட்ட வெள்ளைச் சீருடை, மாவட்ட மருத்துவமனையின் தாதி, மூன்று நாளைக்கு மட்டும் ஆசிரியை. மேசையைச் சுற்றி எட்டுப் பேர் நின்றார்கள். அந்தத் தோட்டத்திலிருந்தும் அக்கம்பக்கத் தோட்டங்களிலிருந்தும் இரத்த அழுத்தம் எடுக்கக் கற்றுக்கொள்ள வந்த ஆஸ்பத்திரி உதவியாளர்கள். கதவோரம் அந்தத் தோட்டத்து டிரசர் நின்றார். டாக்டர் இல்லாத நாளெல்லாம் அங்கே அவர்தான் டாக்டர்.

"இது பெரட்டு வலி மிஸி," என்றார் டிரசர் சிரித்துக்கொண்டே. "விடியக்காலை பெரட்டுல ஆளுங்களை நிறுத்திப் பேரு வாசிக்கிறப்ப வரும். பத்து மணிக்குப் போயிடும்."

எல்லோரும் சிரித்தார்கள். மாரியாயியும் சிரித்தார். வேறு என்ன செய்வார்? வேலையை மேற்பார்க்கும் மண்டோர் அவருக்கு 'நடிப்புக்காரி' என்று பெயர் வைத்து மாதங்களாகிவிட்டன. குழாயடிவரை அந்தப் பெயர் வந்துவிட்டது. இன்னொரு தடவை தலைவலி என்று வீட்டில் படுத்தால் சீவுற மரத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லியிருந்தாராம். அவருடைய வீட்டுக்காரரே, "எழுந்திரு, நடிச்சது போதும்" என்றுதான் எழுப்புவாராம்.

ஈப்போவிலிருந்து மிஸி வந்திருக்கிறார், புதுப் பிரஷர் பெட்டி கொண்டு வந்திருக்கிறார், அவர் சொல்லட்டும் என்றுதான் மாரியாயி வேலை முடிந்ததும் நேராக வந்து நின்றார். என் வாயிலிருந்து வரப்போகும் ஓர் எண்ணை நம்பித்தான் அந்த நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார்.

அந்த எண்ணுக்குப் போகுமுன் கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

ஒரே இரத்தமோ?

சென்ற வாரம் விடுதி மீன் குழம்பைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டுத் தைப்பிங்கிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "நீங்கள் தாதியா, சமையற்காரியா? வேலையைப் பற்றி எப்போது எழுதுவீர்கள்?" நியாயமான கேள்வி. இந்த வாரம் வேலைதான். ஆனால் பெருமைப்படுகிற மாதிரியான வேலை இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் மருத்துவமனையில் யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவர் இருந்தார். வாரம் ஒரு தோட்டமாகச் சுற்றி வருவார். ஒரு நாள் தோட்டத்து ரிஜிஸ்தர் ஒன்றைக் கொண்டுவந்து என் மேசையில் போட்டார்.

"பிள்ளை, இதைப் பாரும். கிழவருக்கும் நூற்று முப்பது எண்பது, குமர்ப்பிள்ளைக்கும் நூற்று முப்பது எண்பது. இந்தத் தோட்டத்திலை எல்லாருக்கும் ஒரே இரத்தமோ?"

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. மறுநாளே இன்னும் நாலு தோட்டத்து ரிஜிஸ்தர்களை வரவழைத்துப் பார்த்தேன். யாரும் கேட்கவில்லை. எனக்குப் பொழுது போகாதே! பக்கம் பக்கமாக எல்லா எண்ணும் சுழியத்தில் முடிந்தது. பாதரசத் தூணில் இரண்டு இரண்டாகக் கோடு போட்டிருக்கிறது. அத்தனை கோடும் யாருக்காக?

"யாராவது போய்ச் சொல்லிக்கொடுக்க வேணும்," என்றார் டாக்டர்.

"நான் போறேன்," என்றேன். அவர் வாக்கியத்தை முடித்தாரா என்றுகூட நினைவில்லை.

பஸ்ஸைத் துரத்தியவள்

என் வேகத்தைப் பற்றி இந்தத் தொடரில் ஏற்கெனவே புலம்பியிருக்கிறேன். தண்ணீர் இலாகாக் குமாஸ்தாவின் கடைசி மகள். சாப்பாட்டு மேசையில் பேச வாய்ப்புக் கிடைக்க வேண்டுமென்றால் வேகமாகப் பேசித்தான் ஆக வேண்டும். படிப்பிலும் அப்படித்தான். கேள்வி முடிவதற்குள் கை தூக்குவேன்.

தாதியர் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த சீன சிஸ்டர் ஒருவர் இதைக் கண்டுபிடித்துவிட்டார். பிரஷர் எடுக்கும்போது என் பக்கத்தில் வந்து நிற்பார். காற்றைத் திறந்துவிடும் திருகை நான் திருப்பியதும் பாதரசம் சர்ரென்று இறங்கும். "நாக் கெஜார் பஸ்கா?" என்பார். பஸ்ஸைத் துரத்தப் போகிறாயா என்று அர்த்தம். வார்டே சிரிக்கும்.

"ஒரு நொடிக்கு ஒரு கோடு. அதுக்கு மேலே இறங்கக் கூடாது," என்பது அவருடைய மந்திரம். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு என்னை நூறு முறை இறக்க வைத்தார். தேர்வில் நான்தான் முதல். தேர்வு முடிந்த மறுவாரமே பாதரசம் பழையபடி சர்ரென்று இறங்கியது. வார்டில் முப்பது பேர் காத்திருக்கும்போது யார் கோட்டை எண்ணிக்கொண்டிருப்பது?

அந்த சிஸ்டரிடம் ஒரு விசித்திரமான ஸ்டெத் இருந்தது. நெஞ்சில் வைக்கிற வில்லை ஒன்று, காதில் மாட்டுகிற குழாய் இரண்டு ஜோடி. ஆசிரியருக்கு ஒரு ஜோடி, மாணவிக்கு ஒரு ஜோடி. ஒரே சத்தத்தை இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கேட்கலாம். ஏமாற்ற முடியாது. தோட்டத்துக்குப் போவதென்று முடிவானதும், கெஞ்சிக் கூத்தாடி அதை இரவல் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

பத்து காஜா என்ற ஊரில் பஸ் மாறிப் போனேன். பாதித் தோட்டத்தில் பால் மரங்களைத் தள்ளிவிட்டுச் எண்ணெய்க்காகச் செம்பனை நட்டிருந்தார்கள். முழங்கால் உயரக் கன்றுகள். மீதிப் பாதியில் இன்னும் பால் வெட்டு நடந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரி, பால் ஸ்டோருக்கு அடுத்த கட்டடம். புளித்த பால் வாடையும் டெட்டால் வாடையும் கலந்து அடித்தது. மூன்று நாளும் என் தலைமுடியில் அந்த வாடைதான்.

மேலே போட்டதையே போடு

முதல் நாள் சட்டைக் கை பிரச்சினையிலேயே போய்விட்டது. மரம் சீவும் பெண்கள் கொசுவுக்குப் பயந்து ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு முழுக்கைச் சட்டை போடுவார்கள். உதவியாளர்கள் அதன் மேலேயே பிரஷர் பட்டையைச் சுற்றி எடுத்துக்கொண்டிருந்தார்கள். சட்டையைக் கழற்றச் சொன்னால் எந்தப் பெண்தான் ஆண்கள் நடமாடும் அறையில் கழற்றுவாள்? கடைசியில், மேல்சட்டையைக் கழற்றி உள்சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வர, கைலி இரண்டைக் கயிற்றில் தொங்கவிட்டு ஒரு மறைப்புச் செய்தோம். அதைக் கட்டியவள் சாந்தி.

சாந்தி அந்தத் தோட்டத்திலேயே பிறந்தவள். என் வயதுதான். தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு படித்துவிட்டு, ஆஸ்பத்திரியில் படுக்கை விரித்து, கட்டுத்துணி அவித்துக்கொண்டிருந்தவளை டிரசர் பிரஷர் எடுக்கப் பழக்கியிருந்தார். பேச்சு குறைவு. வேலை மெதுவோ மெது. எதைச் சொன்னாலும் காதில் செருகியிருக்கும் பென்சிலை எடுத்து எழுதிக்கொள்வாள்.

பக்கத்துத் தோட்டத்து லெட்சுமணனுக்கு அவளைக் கிண்டல் செய்வதே வேலை. "சாந்தி பிரஷர் எடுத்து முடிக்கிறதுக்குள்ள வந்த ஆளுக்குப் பேரன் பொறந்துடும் மிஸி."

ரிஜிஸ்தரில் ஏன் எல்லாருக்கும் ஒரே எண் என்று நான் கேட்டபோது, எட்டுப் பேரும் தரையைப் பார்த்தார்கள். சாந்திதான் மெல்லச் சொன்னாள்.

"முதத் தடவை டிரசர் ஐயா எடுத்துப் போடுவாரு. அடுத்த மாசம் நாங்க எடுப்போம். ஐயா நூத்து முப்பது போட்டிருக்காரு. நான் நூத்து அம்பது போட்டா, ஐயாவைத் தப்புன்னு சொன்ன மாதிரி ஆயிடாதா?"

"அதனால?"

"மேல போட்டதையே போட்டுருவோம்."

நான் குதித்தேன். அன்று நான் நிகழ்த்திய சொற்பொழிவை நினைத்தால் இப்போது காது சுடுகிறது. எண்ணுக்கு மரியாதை தெரியாது என்றேன். டிரசர் எடுத்தாலும் டாக்டர் எடுத்தாலும், ஏன், நானே எடுத்தாலும், உங்கள் காது கேட்டதைத்தான் எழுத வேண்டும் என்றேன். இனிமேல் இந்த வகுப்பில் ஆளுக்கொரு துண்டுத் தாள், யாரும் எண்ணை வாய்விட்டுச் சொல்லக் கூடாது, எழுதி மடித்து என்னிடம் தர வேண்டும் என்று சட்டம் போட்டேன்.

இரண்டாம் நாள் செய்முறையைக் கரும்பலகையில் எழுதினேன். ஐந்து நிமிடம் உட்கார வை. கையை நெஞ்சு மட்டத்துக்குக் கொண்டு வா. மூன்றாவது படி இது: ஸ்டெத்தை வைப்பதற்கு முன், நோயாளியின் மணிக்கட்டு நாடியில் விரல் வைத்துக்கொண்டு காற்றடி. துடிப்பு விரலில் நிற்கிற இடத்தைப் பார்த்துக்கொள். பிறகு, அதற்கு மேலே முப்பது ஏற்றிவிட்டுக் கேட்க ஆரம்பி. சாந்தி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள்.

நூற்று நாற்பது

இப்போது அந்த நாற்காலிக்குத் திரும்பலாம். மூன்றாம் நாள், மதியம் பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. ஒன்றரைக்கு எனக்கு பஸ்.

"நான் ஒரு தடவை எடுத்துக் காட்டுறேன். அப்புறம் சாந்தி எடுக்கட்டும்," என்றேன்.

பட்டையைச் சுற்றினேன். ஸ்டெத்தை வைத்தேன். நூற்று அறுபதுவரை ஏற்றினேன். அங்கே காதில் சத்தமில்லை. திருகைத் திறந்தேன். பாதரசம் இறங்கியது. நூற்று நாற்பதில் டொக் என்று கேட்டது. தொண்ணூற்றில் நின்றது. எட்டுப் பேர் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு வேகம், அவ்வளவு சுத்தம்.

"நூத்து நாப்பது, தொண்ணூறு," என்றேன். வாய்விட்டு! அதைக் கரும்பலகையிலும் எழுதினேன்.

மூன்றாவது படியை நான் செய்யவில்லை என்று அப்போது எனக்கு உறைக்கவே இல்லை. மருத்துவமனையில் நாங்கள் யாருமே அதைச் செய்வதில்லை. அது தேர்வுக்கு.

அடுத்து சாந்தி. முதலில் மாரியாயியைச் சாய்ந்து உட்கார வைத்தாள். எனக்கு முடியாதது அவளுக்கு எப்படி முடிந்ததோ! முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணையைச் செருகி, "சாஞ்சுக்குங்கக்கா" என்றாள், அவ்வளவுதான். மணிக்கட்டில் விரல் வைத்தாள். காற்றடித்தாள். அடித்துக்கொண்டே இருந்தாள். பாதரசம் நூற்று எண்பதைத் தாண்டிப் போனது.

"எதுக்கு இவ்வளவு ஏத்துற? கை வலிக்கும் அவங்களுக்கு," என்றேன்.

"பெலான் பெலான்லா சாந்தி," என்றான் லெட்சுமணன், மெதுவா மெதுவா என்று மலாயில் குத்தி. "மிஸிக்குப் பஸ்ஸு இருக்கு."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு ஸ்டெத்தைக் காதில் மாட்டிக்கொண்டு, இன்னும் ஏற்றி, மெல்ல இறக்கினாள். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். அவள் தாளில் ஏதோ எழுதினாள். நிமிர்ந்து கரும்பலகையைப் பார்த்தாள். பென்சிலின் மறுமுனை ரப்பரால் தேய்த்தாள். மறுபடி எழுதி, மடித்துக் கொடுத்தாள்.

நான் மாரியாயியிடம் சொன்னேன்: "கொஞ்சம்தான் கூடுதல்க்கா. உப்பைக் குறைங்க. கருவாட்டைக் குறைங்க. பயப்பட ஒண்ணுமில்ல."

"நான்தான் சொன்னேனே," என்றார் டிரசர். வேலைக்குப் போகலாம் என்று ஒரு சீட்டு எழுதி நீட்டினார்.

மாரியாயி வாங்கிக்கொண்டார். சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு, கைலி மறைப்புக்குள் போய் மேல்சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

தாளை வெளிச்சத்தில் பிடித்தபோது

துண்டுத் தாளைப் பிரித்தேன். 140/90. சரி என்று பையில் போடப் போனேன். தாளில் ஓரிடம் தேய்ந்து பஞ்சாகியிருந்தது. சன்னலுக்கு நேராகப் பிடித்தேன். அழுத்தி எழுதுகிறவள் சாந்தி. அழித்தாலும் பள்ளம் இருந்தது.

198/96.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் தோன்றியது, பாவம், இவளுக்குக் கேட்கத் தெரியவில்லை என்பதுதான். இரண்டாவதாகத் தோன்றியது இன்னும் மோசம்: இதை என்னைத் தவிர யாரும் பார்க்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமிருக்கிறது. அவள் எழுதியதும் நான் எழுதியதும் ஒன்றுதான். ரிஜிஸ்தரும் அழகாக இருக்கும்.

ரிஜிஸ்தர் என்று நினைத்தவுடன்தான் உறைத்தது. மேலே போட்டதையே போட்டிருக்கிறாள். இந்த முறை மேலே இருந்தது டிரசர் அல்ல, நான்.

"சாந்தி, இதை ஏன் அழிச்ச?"

"நீங்க நூத்து நாப்பதுன்னு சொல்லிட்டீங்க மிஸி."

"நீ என்ன கேட்ட?"

அவள் டிரசரைப் பார்த்தாள், லெட்சுமணனைப் பார்த்தாள். "நூத்துத் தொண்ணூத்தெட்டுல கேட்டுச்சு. அப்புறம் நடுவுல ஒண்ணுமே கேக்கல. மறுபடி நூத்து நாப்பதுல கேட்டுச்சு. என் காதுலதான் கோளாறுன்னு நெனச்சேன். ஆனா மொதல்ல காத்தடிக்கிறப்ப..." நிறுத்தினாள்.

"அடிக்கிறப்ப?"

"நூத்து அறுபதுல விரல்ல துடிச்சுக்கிட்டேதான் இருந்துச்சு மிஸி. நூத்து எண்பதுலயும் துடிச்சுச்சு."

படித்த பாடம் அப்போதுதான் எழுந்து வந்து என் முன்னால் நின்றது. அழுத்தம் மிக அதிகமாக இருக்கும் சிலருக்கு நடுவில் சத்தம் காணாமல் போகும் என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். மேலே கேட்கும், நடுவில் நிற்கும், கீழே மறுபடி கேட்கும். அந்த நடுவிடத்தில் போய் நின்றுகொண்டு இறக்க ஆரம்பித்தால், கீழேயிருக்கும் சத்தத்தைத்தான் முதல் சத்தம் என்று எடுத்துக்கொள்வோம். அதற்காகத்தான் விரல். அதற்காகத்தான் மூன்றாவது படி.

காதுக்கு எட்டாத இடம்

மாரியாயி வாசல் குழாயில் கை கழுவிக்கொண்டிருந்தார். சீட்டு நனையாமல் பல்லில் கடித்திருந்தார்.

"அக்கா, இன்னொரு தடவை வரீங்களா?"

சீட்டை எடுத்துவிட்டுச் சொன்னார்: "என்ன மிஸி, நடிப்புக்கு மார்க்கு போடப் போறீங்களா?"

நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன். வந்து உட்கார்ந்தார். இந்த முறை ஐந்து நிமிடம், கடிகாரத்தைப் பார்த்து. பால் ஸ்டோரில் தகர வாளிகள் உருளும் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

இரட்டை ஸ்டெத்தை எடுத்தேன். ஒரு ஜோடி என் காதில், ஒரு ஜோடி சாந்தியின் காதில். வில்லையையும் காற்றுப் பந்தையும் நான் பிடித்துக்கொண்டேன். அவளை மணிக்கட்டில் விரல் வைக்கச் சொன்னேன். "நாடி துடிக்கிறப்பெல்லாம் மறு கையால மேசையில தட்டு," என்றேன்.

ஏற்றினேன். இருநூற்றை நெருங்கும்போது அவள் கை மேசையில் நின்றது. இன்னும் முப்பது ஏற்றினேன். பிறகு, ஒரு நொடிக்கு ஒரு கோடு.

நூற்றுத் தொண்ணூற்றெட்டில் டொக். அவள் விரலும் மேசையில் டக். டொக், டக். டொக், டக். நூற்று எழுபதுக்குக் கொஞ்சம் மேலே என் காதில் சத்தம் நின்றது. ஒன்றுமே இல்லை. ஆனால் மேசையில் அவள் கை தட்டிக்கொண்டே இருந்தது. டக். டக். டக். பதினைந்து கோட்டுக்கும் மேலான தூரம் என் காதுக்கு ஒன்றும் எட்டவில்லை. எதிரே ஒரு பெண்ணின் இரத்தம் அடித்துக்கொண்டிருப்பதை அந்தப் பலகைச் சத்தம்தான் சொல்லிக்கொண்டிருந்தது. நூற்று நாற்பதில் டொக் என்று மறுபடி வந்தது. தொண்ணூற்றாறில் ஓய்ந்தது.

அந்த இடைவெளிக்குள் நான் என்ன நினைத்தேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். எத்தனை பேருக்கு இப்படிச் சர்ரென்று இறக்கிவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பியிருப்பேன் என்றுதான். அந்தக் கணக்கு எனக்கு இன்றுவரை தெரியாது. பிறகு ஆயர் தாவாரிலும் வேறு ஊர்களிலும் இதே பாடத்தை நடத்தியிருக்கிறேன். எண்ணை வாய்விட்டுச் சொன்னதில்லை.

எழுந்து போய்க் கரும்பலகையில் இருந்ததை அடித்தேன். அழிக்கவில்லை, குறுக்கே கோடு போட்டு அடித்தேன். பக்கத்தில் 198/96 என்று எழுதினேன்.

"நான் எடுத்தது தப்பு. சாந்தி எடுத்ததுதான் சரி. மூணாவது படியை நான் செய்யல."

டிரசர் ரிஜிஸ்தரைப் புரட்டி மாரியாயியின் பெயருள்ள பக்கத்தில் நிறுத்தினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏழு மாசம் நூத்து முப்பது," என்றார். "இதுல எதெல்லாம் காதால கேட்டுப் போட்டதுன்னு எனக்கே தெரியல மிஸி." பிறகு வேனை எடுத்துவரச் சொல்ல அவரே வெளியே போனார்.

அறையில் எல்லார் முகமும் விழுந்து கிடந்தது. மாரியாயியின் முகத்தைத் தவிர.

"நூத்துத் தொண்ணூத்தெட்டுன்னா ரொம்பக் கூடவா?"

"ரொம்பக் கூடக்கா. இன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும். மருந்து விடாம சாப்பிடணும்."

"அப்ப நான் நடிக்கல," என்றார். கேள்வியாகக் கேட்கவில்லை. முதன்முறையாக நாற்காலியில் தானாகவே சாய்ந்து உட்கார்ந்தார்.

ஈரமான பழைய சீட்டை மேசைமேல் வைத்து என் பக்கம் தள்ளினார். "இது வேணாம். அந்த நம்பரைத் தாள்ல பெருசா எழுதிக் குடுங்க. மண்டோருக்கு ஒண்ணு, எங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணு."

நான் அவசரமாகத் தாளை எடுத்தேன்.

"நீங்க வேணாம் மிஸி, கோச்சுக்காதீங்க. அந்தப் புள்ள எழுதட்டும்."

சாந்தி வந்து உட்கார்ந்தாள். பழக்க தோஷத்தில் காதிலிருந்த பென்சிலை உருவினாள்.

மாரியாயி அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"பென்சிலு வேணாம்லா," என்றார். "பேனாவுல எழுது."